கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடியிருந்தால்: தாவர சப்ளிமெண்ட் எடுப்பதற்கு ஒரு முழு வழிகாட்டி

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். பட்டர்வொர்த்திலிருந்து மாமா வந்தார், அக்காவின் கணவர். கையில் ஒரு பசார் பை. மேசையில் கவிழ்த்தார். பூண்டு மாத்திரை, குக்குலு, சிவப்பு அரிசி மாத்திரை, மருதம்பட்டைப் பொடி, இன்னும் மூன்று என்று ஏழு போத்தல். கடைசியாக மடித்து வைத்திருந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு விழுந்தது. "தம்பி, இதில் எதை முதலில் சாப்பிடுவது?" என்றார்.

நான் டாக்டர் இல்லை. மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பார்மசி கவுண்டரில் பல வருஷம் நின்றவன். இந்தக் கேள்வியை மாதத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். எல்லோரும் போத்தலைக் காட்டித்தான் கேட்பார்கள், சீட்டைக் காட்டிக் கேட்பவர் குறைவு. மாமாவிடம் அன்று சொன்னதையும் அதற்குப் பிறகு நாங்கள் செய்ததையும் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

படி 1: சீட்டை முதலில் படியுங்கள்

மாமாவின் சீட்டில் மொத்த கொலஸ்ட்ரால் 5.9. நம் ஊரில் லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்றுதான் அச்சிடுவார்கள். இந்தியாவிலிருந்து சொந்தக்காரர்கள் போனில் "எனக்கு 230" என்றால் பயப்பட வேண்டாம், அது மில்லிகிராம் கணக்கு. நம் எண்ணை 38.7-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். 5.9 என்பது ஏறக்குறைய 228.

மலேசியாவில் 5.2-ஐத் தாண்டினாலே கூடுதல் என்று கணக்கு. ஆனால் மொத்தம் மட்டும் பார்த்துப் பயனில்லை. அதற்குள் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கின்றன. பார்க்க வேண்டியது எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை. பல சீட்டுகளில் அந்த எண்ணை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டே எழுதுகிறார்கள். மொத்தத்திலிருந்து எச்டிஎல் என்ற நல்லதைக் கழித்து, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பை 2.2-ஆல் வகுத்து அதையும் கழிக்க வேண்டும். மாமாவுக்கு எச்டிஎல் 1.3, டிரைகிளிசரைடு 1.6. அப்படியென்றால் 5.9-இல் 1.3 போக 4.6, அதில் 0.73 போக 3.87. அதுதான் அவர் பிரச்சினை. சர்க்கரையோ இதய நோயோ இல்லாத, ஆபத்து குறைந்த ஆளுக்கு 3.0-க்குக் கீழ் இருப்பது நல்லது என்று இங்குள்ள டாக்டர்கள் சொல்வார்கள். மாமா அதைவிட கொஞ்சம் மேலே. இந்த வழிகாட்டி அந்தக் 'கொஞ்ச'த்துக்கு மட்டும்தான்.

இன்னும் பரிசோதனையே செய்யாதவர்கள் அரசாங்க கிளினிக்குக்குப் போகலாம். 40 வயதைத் தாண்டி, அரசின் எஸ்டிஆர் உதவித்தொகை பெறும் குடும்பமாக இருந்தால் பெகா பி40 திட்டத்தில் பரிசோதனை இலவசம், அதில் கொலஸ்ட்ராலும் அடங்கும். தீபாவளிக்கு மறுநாள் போய் ரத்தம் கொடுக்காதீர்கள். முறுக்கும் அதிரசமும் டிரைகிளிசரைடை ஏற்றிவிடும், கணக்கே குழம்பிவிடும். ஒரு சீட்டோடு முடிவு கட்டாமல் சில வாரம் விட்டு இன்னொரு தடவை எடுப்பது நல்லது.

படி 2: இந்த வழி உங்களுக்கானதா என்று பாருங்கள்

இது பலருக்குப் பிடிக்காத பகுதி. கீழே உள்ள எதுவும் உங்களுக்குப் பொருந்தினால் போத்தலை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

எல்டிஎல் 4.9 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சாப்பாட்டால் வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு, பரம்பரையாக இருக்கலாம். அப்பா, அண்ணன் யாருக்காவது 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்காவுக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் அதுவும் அப்படித்தான். குதிகால் தசைநாணில் கட்டி மாதிரி தடிப்பு, இளவயதிலேயே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம், இதெல்லாம் அடையாளங்கள். அப்புறம் சர்க்கரை நோய், ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள். இவர்களில் யாருக்கும் சப்ளிமெண்ட் மருந்துக்கு மாற்றாகாது.

தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி ஒரு வருஷம் முழுக்க வெந்தயம் ஊற வைத்துச் சாப்பிட்டார், எண் அசையவே இல்லை. பிறகு தைராய்டு பார்த்து அதற்கு மாத்திரை கொடுத்ததும் தானாக இறங்கியது. அதனால் டாக்டரிடம் "தைராய்டும் பார்த்துவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

நம்மவர்களுக்கு, அதாவது இந்திய வம்சாவளியினருக்கு, இதய நோய் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வருகிறது. 'லேசா'க் கூடியிருக்கிறது என்பதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு அதுதான் காரணம்.

படி 3: போத்தலுக்கு முன் தட்டு

நீளமாகப் பேசப் போவதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாந்தான் என்ற தேங்காய்ப்பால், நெய், கோழித்தோல், கண்டென்ஸ்ட் மில்க், இவை எல்டிஎல்-ஐ ஏற்றும். காலையில் நாசி லெமாக், மாலையில் தே தாரிக், ராத்திரி குவா பஞ்சிர் என்று குழம்பை வழிய வழிய ஊற்றிய நாசி கண்டார் என்று போய்க்கொண்டிருந்தால் எந்தச் சப்ளிமெண்டும் அதைச் சரிக்கட்டாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, கொழுப்புக் குறைந்த உணவோடு நாலு பொருளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது: தாவர ஸ்டெரால், கொழகொழப்பான நார், சோயாப் புரதம், பாதாம். 2003-இல் வெளிவந்த முடிவில் நாலு வாரத்தில் எல்டிஎல் சுமார் 29 சதவீதம் இறங்கியது. கொலஸ்ட்ராலை இறக்க டாக்டர்கள் எழுதும் ஸ்டாட்டின் மருந்தை எடுத்த குழுவுக்குக் கிட்டத்தட்ட சமம். அதில் சாப்பாட்டை அவர்களே தயார் செய்து கொடுத்தார்கள். பிறகு மக்களுக்கு ஆலோசனை மட்டும் சொல்லி அவரவர் வீட்டில் சமைக்க விட்டபோது, 2011-இல் வந்த முடிவில் இறக்கம் 13 சதவீதம்தான். வீடு வேறு, ஆய்வகம் வேறு.

அந்தக் கொழகொழப்பான நாருக்காக அவர்கள் பயன்படுத்திய காய்கறிகளில் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் உண்டு. நாசி கண்டார் கடையில் தட்டின் ஓரத்தில் வைப்பார்களே அந்தப் பெண்டி, அதுதான். குழம்பைக் குறைத்து பெண்டியை இரட்டிப்பாகக் கேட்டால் கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். சோயாவில் செய்யும் தாவுவும் தெம்பேயும் இங்கே எந்தப் பசாரிலும் மலிவு. அவற்றை எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் சாப்பிடத் தெரிந்தால் சரி.

படி 4: வேலை செய்பவற்றில் ஒன்றை எடுங்கள்

ஒன்று என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏழையும் ஒரே நாளில் தொடங்கினால் எது வேலை செய்தது, எது வயிற்றைக் கெடுத்தது என்று ஒருநாளும் தெரியாது.

என் முதல் தேர்வு இசப்கோல். விளம்பரம் இல்லாத, வாசனை இல்லாத, பார்க்க மரத்தூள் மாதிரி இருக்கும் உமி. லிட்டில் இந்தியாவில் லெபு பசார் பக்கம் உள்ள கடைகளில் மலச்சிக்கலுக்கு என்று விற்பார்கள். அது குடலில் கூழாகி, பித்த உப்பைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். ஈரல் புதிய பித்தம் செய்ய வேண்டும், அதற்குக் கொலஸ்ட்ரால் தேவை, அதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். இவ்வளவுதான் சூட்சுமம். நாளைக்கு 10 கிராம் போல எடுத்தால் எல்டிஎல் 5-லிருந்து 10 சதவீதம் வரை இறங்கலாம்.

எடுக்கும் முறையில்தான் ஆட்கள் தவறு செய்கிறார்கள். மாமாவுக்கு முன்னால் உட்கார்ந்து கலக்கிக் காட்டினேன். பெரிய கிளாஸில் தண்ணீர், 250 மில்லிக்குக் குறையாமல். ஒரு டீஸ்பூன் உமியைத் தூவி உடனே கலக்கி உடனே குடிக்க வேண்டும். மாமா போன் வந்ததென்று மூன்று நிமிஷம் எழுந்து போனார். திரும்பி வந்தபோது கிளாஸில் கரண்டி நின்றது. "இது என்ன தம்பி, கோந்து மாதிரி?" அதே கோந்து தொண்டையில் நடந்தால் மூச்சு அடைக்கும். அதனால் உமியைத் தண்ணீர் இல்லாமல் வாயில் போடவே கூடாது. குடித்த பிறகு இன்னொரு கிளாஸ் தண்ணீர். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். விழுங்கச் சிரமம் உள்ளவர்களும் குடல் அடைப்பு வந்தவர்களும் தொடவே வேண்டாம்.

முதல் வாரம் ஒரு டீஸ்பூன், தினம் ஒரு வேளை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சாப்பாட்டுக்கு முன் ஒரு மேசைக்கரண்டி, தினம் இரண்டு வேளை. ஒரு மேசைக்கரண்டி உமி ஏறக்குறைய 5 கிராம். வேகமாகக் கூட்டினால் வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, வீட்டில் மரியாதை போகும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள், தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம். கூழ் மருந்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, தாவர ஸ்டெரால். பார்க்க கொலஸ்ட்ராலைப் போலவே இருக்கும். குடலில் கொலஸ்ட்ரால் நுழைய வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துவிடும். அதனால் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் எடுத்தால் வேலை பாதி. நாளைக்கு 2 கிராம் எடுத்தால் எல்டிஎல் 8-லிருந்து 10 சதவீதம் இறங்கும். அதற்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் பெரிதாகப் பயன் இல்லை. சூப்பர்மார்க்கெட்டில் ஸ்டெரால் சேர்த்த பால் மாவு கிடைக்கும். லேபிளில் 'ஸ்டெரால்' என்று இருக்கிறதா, 'ஸ்டெரால் எஸ்டர்' என்று இருக்கிறதா பாருங்கள். எஸ்டர் கணக்கென்றால் 2 கிராம் ஸ்டெராலுக்குச் சுமார் 3.4 கிராம் எஸ்டர் வேண்டும். மாத்திரை வடிவத்தில் ஒன்றில் 400 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் நாளைக்கு ஐந்து மாத்திரை. ஒன்று போட்டுவிட்டு "பலனில்லை" என்று வருபவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இது வேண்டாம். கேரட், கீரையில் உள்ள பீட்டா கரோட்டினை உடல் எடுத்துக்கொள்வது கொஞ்சம் குறையும், அதனால் காய்கறியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஓட்ஸ். அதில் உள்ள பீட்டா குளூக்கன் நாளைக்கு 3 கிராம் வேண்டும், அது ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ். ஒரு கிண்ணம் போதாது, இரண்டு வேண்டும். அரிசியைக் குறைத்து அந்த இடத்தில் உப்புமாவாகவோ தோசை மாவில் அரைத்தோ போடுங்கள். சர்க்கரை கலந்த 3-இன்-1 ஓட்ஸ் பாக்கெட் இந்தக் கணக்கில் சேராது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். மாமாவின் 3.87-இல் ஸ்டெரால் 10 சதவீதம் இறக்கினால் 3.48. அதன் மேல் இசப்கோல் 6 சதவீதம் இறக்கினால் 3.27. கூட்டல் இல்லை, மிச்சத்தில்தான் சதவீதம். எல்லாம் நன்றாகப் போனாலே இவ்வளவுதான். இதற்கு மேல் வாக்குறுதி கொடுப்பவரை நம்பாதீர்கள்.

படி 5: மற்ற போத்தல்கள்

சிவப்பு அரிசி மாத்திரையை முதலில் ஒதுக்கினேன். சீன மருந்துக் கடைகளில் இதே அரிசியை ஆங் காக் என்று விற்பார்கள். சமையலுக்குச் சிவப்பு நிறம் தருவது. அரிசியில் மோனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்துச் செய்வது, அதனால் தாவரம் என்றுகூடச் சொல்ல முடியாது. கொலஸ்ட்ராலை இறக்குமா என்றால், இறக்கும். ஏன் இறக்கும் என்பதுதான் விஷயம். அதில் உள்ள மோனகோலின் கே என்பதும் 1987-இல் மருந்தாக வந்த லோவாஸ்டாட்டினும் ஒரே பொருள். ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சைகளில் தேடித்தான் ஸ்டாட்டின் வகையையே கண்டுபிடித்தார். ஆக, "ஸ்டாட்டின் வேண்டாம், இயற்கையாக இது போதும்" என்று சிவப்பு அரிசி சாப்பிடுபவர் அளவு தெரியாத ஸ்டாட்டினைத்தான் சாப்பிடுகிறார். போத்தலுக்குப் போத்தல் அளவு மாறும். சரியாகத் தயாரிக்காவிட்டால் சிட்ரினின் என்ற சிறுநீரக நச்சு கலந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் நாளைக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே மோனகோலின் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது. 2024 மார்ச்சில் ஜப்பானில் சிவப்பு அரிசி சப்ளிமெண்ட் சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதித்து, விற்றதைத் திரும்பப் பெற்றார்கள். தசைவலி, ஈரல் பாதிப்பு எல்லாம் ஸ்டாட்டினுக்கு உள்ளது போலவே இதற்கும் உண்டு. ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுப்பவர் இதையும் சேர்த்தால் இரட்டை டோஸ்.

குக்குலு. ஆயுர்வேதத்தில் பேர் பெற்றது, எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் 2003-இல் அமெரிக்காவில் 8 வாரம் கொடுத்துப் பார்த்ததில் எல்டிஎல் இறங்குவதற்குப் பதிலாகச் சில சதவீதம் ஏறியது, சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. கொலஸ்ட்ராலுக்காக என்றால் வேண்டாம்.

பூண்டு மாத்திரை, மஞ்சள் மாத்திரை, பட்டை மாத்திரை எல்லாவற்றையும் ஒரே ஆய்வில் வைத்து, 2022-இல் வெளியிட்டார்கள். 190 பேர், 28 நாள். குறைந்த அளவு ஸ்டாட்டின் எல்டிஎல்-ஐ ஏறக்குறைய 38 சதவீதம் இறக்கியது. ஆறு சப்ளிமெண்டில் ஒன்றுகூட மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு இறக்கவில்லை, பூண்டுக் குழுவில் ஏறியேவிட்டது. நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த ஆறில் ஸ்டெரால் மாத்திரையும் இருந்தது, அதுவும் தோற்றது. பணம் கொடுத்தது அந்த ஸ்டாட்டினைத் தயாரிக்கும் நிறுவனம், காலமும் குறைவு, ஆனாலும் அதைப் பார்த்த பிறகுதான் ஸ்டெராலை மாத்திரையாக இல்லாமல் உணவில் கலந்த வடிவத்தில் எடுக்கச் சொல்கிறேன். பூண்டு ரசத்தில் இருக்கட்டும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் பூண்டு, மஞ்சள் மாத்திரைகளைக் கேட்காமல் தொடக் கூடாது.

பெர்பெரின் இப்போது போனில் அதிகம் ஓடுகிறது. மரமஞ்சளிலும் சீன மருந்தான ஹுவாங் லியானிலும் உள்ள கசப்புப் பொருள். எல்டிஎல்-ஐ ஓரளவு இறக்குகிறது என்று ஆய்வுகள் உண்டு, பெரும்பாலும் சீனாவில் நடந்தவை. ஆனால் இது பல மருந்துகளோடு மோதும். கர்ப்பிணிகள் எடுக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலையை அதிகமாக்கும் என்பதால் சிங்கப்பூர் 1978-இல் இதைத் தடை செய்து வெகுகாலம் வைத்திருந்தது. பிள்ளை பிறந்ததும் ஜி6பிடி பார்த்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே குறைபாடுதான்.

மருதம்பட்டைக்கும் வெந்தயத்துக்கும் சிறிய ஆய்வுகள்தான். வெந்தயம் சமையலில் இருக்கட்டும், சர்க்கரை மருந்து சாப்பிடுபவர் அளவோடு எடுக்கட்டும். செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் டோகோட்ரியனால் என்ற வைட்டமின் ஈ வகை நம் நாட்டுச் சரக்கு, நிறைய ஆராய்ச்சியும் இங்கேயே நடந்திருக்கிறது, ஆனால் கொலஸ்ட்ரால் விஷயத்தில் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை.

படி 6: லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

மாத்திரை, கேப்சூல் வடிவில் உள்ள சப்ளிமெண்டும் பாரம்பரிய மருந்தும் மலேசியாவில் என்பிஆர்ஏ என்ற அரசு மருந்து ஒழுங்குமுறை அமைப்பில் பதிவாகியிருக்க வேண்டும். அட்டையில் எம்ஏஎல் என்று தொடங்கி எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. டி என்றால் பாரம்பரிய மருந்து, என் என்றால் சப்ளிமெண்ட். பக்கத்தில் மினுங்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருக்கும். எண்ணை என்பிஆர்ஏ இணையதளத்தில் தட்டினால் பொருளின் பேரும் நிறுவனத்தின் பேரும் வரும், அட்டையோடு ஒத்துப் பாருங்கள். மாமாவின் ஏழில் இரண்டுக்கு எண்ணே இல்லை. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கியது ஒன்று, சொந்தக்காரர் பையில் கொண்டுவந்தது ஒன்று. இரண்டும் குப்பைக்குப் போயின. ஓட்ஸ், பால் மாவு போன்றவை உணவு, அவற்றில் இந்த எண் இருக்காது.

"இதயக் குழாய் அடைப்பைக் கரைக்கும்" என்று விளம்பரம் பார்த்தால் விலகி நில்லுங்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதய நோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. முறையான விளம்பரத்தில் கேகேஎல்ஐயு என்று தொடங்கும் அனுமதி எண் இருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் அக்காக்களின் குரல் பதிவில் அது இருக்காது.

படி 7: 12 வாரம், அப்புறம் மறுபடி ரத்தம்

தொடங்கும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 12 வாரம் கழித்து அதே கிளினிக்கில், முடிந்தால் அதே நேரத்தில் எடுங்கள். இடையில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது போத்தலையே கையில் எடுத்துப் போங்கள். "ஏதோ மூலிகை" என்று சொன்னால் அவரால் ஒன்றும் கணிக்க முடியாது. எந்த ஆபரேஷனுக்கு முன்பும் சொல்லிவிடுங்கள்.

காரணமில்லாத தசைவலி, கோலா நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சளாவது, தோலில் தடிப்பு, இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு கிளினிக் போங்கள். நெஞ்சுவலி, தாடைவரை இழுக்கும் வலி, திடீர் வியர்வை என்றால் 999.

12 வாரம் கழித்தும் எண் அசையவில்லை என்றால் இன்னொரு போத்தல் தேடாதீர்கள். டாக்டர் ஸ்டாட்டின் எழுதினால் காரணம் கேளுங்கள், பயம் இருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், ஆனால் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு மருந்து எடுக்காமல் இருக்காதீர்கள்.

மாமா காலையும் ராத்திரியும் இசப்கோல், மதியச் சாப்பாட்டோடு ஒன்றும் ராத்திரிச் சாப்பாட்டோடு ஒன்றுமாக ஸ்டெரால் பால் என்று வைத்துக்கொண்டார். நான் ஒன்றிலிருந்து தொடங்கச் சொன்னேன், அவர் மூன்றாம் வாரமே இரண்டாவதையும் சேர்த்துவிட்டார். அதனால் எது எவ்வளவு இறக்கியது என்று பிரித்துச் சொல்ல எங்களால் முடியவில்லை. இரண்டாவது சீட்டில் மொத்தம் 5.3, எல்டிஎல் 3.4. டாக்டர் மாத்திரை எழுதவில்லை, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். இசப்கோல் டப்பா இப்போது ரைஸ் குக்கர் பக்கத்தில் இருக்கிறது. ஒரு தடவை அக்கா அதைச் சோள மாவு என்று நினைத்து சூப்பில் போட்டுவிட்டாளாம். அன்று ராத்திரி எல்லோரும் சூப்பைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டோம் என்று மாமா சிரிக்கிறார்.